ஸ்லீவ் போட்டால் இடைவெளி குறையுமா?

அன்புள்ள கயல்விழி,

காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் தாங்குமே, 11 கேவி பேனலில் பஸ்பார்களுக்கு நடுவே 120 மில்லிமீட்டர் எதற்கு என்று கேட்டிருந்தாய். பஸ்பார் மேல் காப்பு ஸ்லீவ் போட்டு அதை 60 ஆக்கித் தருகிறேன் என்று பேனல் செய்பவர் சொன்னதையும் எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நீ சொல்லும் 3 கிலோவோல்ட், மின்புலம் சீராக இருக்கும் தட்டுகளுக்கானது. பேனலுக்குள் இருப்பவை பஸ்பார் விளிம்பும் போல்ட் முனையும் லக்கின் மூலையும்தான். அங்கெல்லாம் புலம் குவியும். தாங்க வேண்டியதும் வெறும் 11 கிலோவோல்ட் அல்ல. மின்னல் விழுந்தால் லைன் வழியே வரும் துடிப்புக்காக, உன் பேனல் சேரும் 12 கேவி வகுப்புக்கு 75 கிலோவோல்ட் விதித்திருக்கிறார்கள். அதை 120-ஆல் வகுத்துப் பார். நீ சொன்ன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வரும்.

இனி ஸ்லீவ். காற்றோடு ஒரு திடப்பொருளைச் சேர்த்தால் காப்பு கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 20 மில்லிமீட்டர் காற்று இடைவெளியில் 10 மில்லிமீட்டர் ரெசின் தகட்டைச் செருகு. ரெசினின் மின்காப்பு மாறிலி 5 என்று வை. மாறுதிசை மின்சாரத்துக்கு அந்தத் தகடு 2 மில்லிமீட்டர் காற்றுக்குத்தான் சமம். முழு மின்னழுத்தமும் 12 மில்லிமீட்டருக்குள் நெருங்குவதால், மீதிக் காற்றில் புலம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது! ஸ்லீவுக்கும் செம்புக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் சிக்கினால் இன்னும் மோசம். முதலில் சின்ன மின்னிறக்கம், பிறகு ஓசோன். ஈரம் சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்தால் ஸ்லீவின் மேல் வெள்ளைப் பொடியும் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் தெரியும். தூசி என்று துடைத்துவிட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தரநிலை அட்டவணையில் உள்ளதைவிடக் குறைந்த இடைவெளி தருகிறவர், அதே அமைப்பில் துடிப்புச் சோதனைச் சான்றிதழ் காட்டட்டும். ஸ்லீவ் விற்பவரின் கையேடு சான்றிதழ் ஆகாது.

பாஷன் 1889-இல் எழுதிய கட்டுரையை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. காற்று, ஹைட்ரஜன், கரியமில வாயு மூன்றிலும் உலோகக் கோளங்களுக்கு நடுவே பொறி பறக்கவிட்டு அளந்தவர். தீப்பொறி பார்ப்பது தூரத்தை மட்டுமல்ல, வாயுவின் அழுத்தத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவதை என்று காட்டினார். காற்று மெலிந்தால் இடைவெளி சுருங்கியது போலத்தான். உன் பேனல் உதகைக்குப் போகிறது என்கிறாய். ஊர் 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்று மெலிது. அட்டவணையோ 1,000 மீட்டர் வரைக்கும்தான். உயரத்துக்கான திருத்தம் போட்டால் 75 கிலோவோல்ட் 87 ஆகிறது. ஆகவே 60 இருக்கட்டும், 120-ம் உனக்குப் போதாது! 17.5 கேவி வகுப்பை எடு: 95 கிலோவோல்ட், 160 மில்லிமீட்டர்.

கேபிள் பெட்டியின் அளவுகளையும் வரைபடத்தோடு அனுப்பு. பஸ்பார் மையத்திலிருந்து அளக்காதே. துருத்தி நிற்கும் போல்ட் முனையிலிருந்து அளந்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்