பழைய மோட்டாரின் அளவி விளக்கு

தருமபுரியினின்று சேலம் செல்வோர் தொப்பூர்க் கணவாயில் இறங்குதல் வேண்டும். இரவில் ஆங்கு வெப்ப அளவி கண்ணுக்குப் புலனாகாவிடின் வரும் இடர் பெரிது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் அளவிகளை விளக்குவன சிறு இழைவிளக்குகள். 12 வோல்ட்டில் 2 வாட் விளக்கொன்று ஆறிலொரு பங்கு ஆம்பியர் கொள்ளும். அதிற் பெரும்பகுதி வெப்பமாய்க் கழியும். ஒளியுமிழ் டையோடோ மிகக் குறைந்த மின்சாரத்தால் ஒளிரும்.

மாற்றப் புகுவார் மூன்று நினைவிற் கொள்க. முதலாவது, பாட்டரியின் கம்பியைக் கழற்றுக. இரண்டாவது, டையோடு ஒரு திசையிலேயே மின்சாரத்தைச் செல்லவிடுமாதலின், நேர்முனை எதிர்முனை அறிந்து பொருத்துக. மூன்றாவது, மின்னேற்ற எச்சரிக்கை விளக்கை மாற்றற்க. ஆல்டர்னேட்டர் பூண்ட வண்டிகள் பலவற்றில் அதனைத் தூண்டும் மின்னோட்டம் அவ்விழையின் வழியே செல்லும்.

மிகுந்த ஒளியும் தீதே. இருளிற் பழகிய கண்ணின் திறத்தை அது கெடுக்கும். அளவி தெரியவும் பாதை மறையாதிருக்கவும் வேண்டுவது அளவான ஒளியே அன்றோ!