ஒரு டெம்ப்ளேட், நூறு மோட்டார்: இயந்திரக் கண்காணிப்பு மென்பொருளைப் புரிந்துகொள்வோம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே 'டெம்ப்ளேட்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். வேர்டைத் திறந்தால் பயோடேட்டா டெம்ப்ளேட், கடித டெம்ப்ளேட் எல்லாம் வரிசையாக நிற்கும். இதே டெம்ப்ளேட் தொழிற்சாலைகளில் வேறொரு பெரிய வேலையைச் செய்கிறது. நூற்றுக்கணக்கான மோட்டார்களும் பம்புகளும் நல்ல நிலையில் ஓடுகின்றனவா என்று இரவு பகலாகப் பார்க்கும் மென்பொருள்கள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. அப்படிப்பட்ட மென்பொருள்களில் செட்டிங் செய்வதுதான் என் வேலை. புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை இங்கே தருகிறேன். கடைசியில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சியும் உண்டு.

இந்த மென்பொருள் என்ன செய்கிறது?

மோட்டாரின் மேல் ஒரு சென்சாரைப் பொருத்துகிறார்கள். அது அதிர்வையோ வெப்பத்தையோ அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. வரும் எண்ணை மென்பொருள் ஓர் எல்லையோடு ஒப்பிடுகிறது. எல்லையைத் தாண்டினால் அலாரம் அடிக்கிறது. அவ்வளவுதான் அடிப்படை.

ஒரு மோட்டார் என்றால் சிரமமில்லை. நூறு மோட்டார் இருந்தால்? ஒவ்வொன்றுக்கும் என்னென்ன அளக்கிறோம், எந்த அலகில், எல்லை எவ்வளவு, எண் எங்கிருந்து வருகிறது என்று தனித்தனியாக டைப் செய்ய வேண்டும். ஒரு மோட்டாருக்கு பத்து விவரம் என்றால் நூறு மோட்டாருக்கு ஆயிரம் விவரம். எங்காவது ஒரு புள்ளி இடம் மாறி 2.8 என்பது 28 ஆகிவிட்டால், அந்த மோட்டார் எரிந்து போகும்வரை அலாரம் அடிக்காது.

எனவே 'மோட்டார் என்றால் இன்னின்ன விவரங்கள் இருக்கும்' என்று ஒரே ஒரு முறை எழுதி வைக்கிறோம். அதுதான் டெம்ப்ளேட். பிறகு அந்த டெம்ப்ளேட்டிலிருந்து நூறு மோட்டார்களை உருவாக்குகிறோம். தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொரு இயந்திரத்தையும் இந்தத் துறையில் 'அசெட்' என்பார்கள்.

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும். பிஐ சிஸ்டம் என்ற மென்பொருளில் இது எலிமென்ட் டெம்ப்ளேட். ஓஎஸ்ஐசாஃப்ட் நிறுவனம் உருவாக்கிய இந்த மென்பொருள், 2021-ல் அந்த நிறுவனத்தை அவேவா வாங்கியபோது அதனிடம் வந்தது. அமேசானின் ஐஓடி சைட்வைஸில் இதை அசெட் மாடல் என்கிறார்கள். திங்ஸ்போர்டில் டிவைஸ் ப்ரொஃபைல். பெயர்கள் வேறானாலும் கருத்து ஒன்றே.

வேர்டு டெம்ப்ளேட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைக் கவனமாகப் படியுங்கள். வேர்டில் ஒரு கடித டெம்ப்ளேட்டை வைத்துப் பத்துக் கடிதங்கள் தயாரித்துச் சேமித்துவிட்டீர்கள். பிறகு டெம்ப்ளேட்டில் உள்ள வாசகத்தை மாற்றுகிறீர்கள். பழைய பத்துக் கடிதங்களில் வாசகம் மாறாது. முறுக்குப் பிழிந்த பிறகு அச்சை மாற்றினால் தட்டில் உள்ள முறுக்கு மாறுமா? அது போலத்தான்.

அசெட் டெம்ப்ளேட் அப்படியல்ல. பவர்பாயின்ட்டின் ஸ்லைடு மாஸ்டரை அதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மாஸ்டரில் எழுத்தின் நிறத்தை மாற்றினால் எல்லா ஸ்லைடுகளிலும் நிறம் மாறிவிடும். நீங்கள் கையால் தனியாக நிறம் மாற்றிய ஸ்லைடு மட்டும் மாறாமல் நிற்கும். அந்த ஸ்லைடில் 'ரீசெட்' கொடுத்தால் அதுவும் மாஸ்டருக்குத் திரும்பும்.

அசெட் டெம்ப்ளேட்டிலும் இதே மூன்று குணங்கள் உண்டு. ஓரிடத்தில் மாற்றினால் நூறு இடத்தில் மாறும். தனியாக மாற்றியது அப்படியே நிற்கும். ரீசெட் செய்தால் திரும்பி வரும். டெம்ப்ளேட்டின் வசதியும் ஆபத்தும் இந்த மூன்றில்தான் இருக்கின்றன.

டெம்ப்ளேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

1. அளவின் பெயர்: அதிர்வு, வெப்பம், மின்னோட்டம் போன்றவை.

2. அலகு: இதைக் காலியாக விடவே கூடாது. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஒரு சென்சார் அதிர்வை விநாடிக்கு இத்தனை அங்குலம் என்று அனுப்பலாம், இன்னொன்று விநாடிக்கு இத்தனை மி.மீ. என்று அனுப்பலாம். அங்குலக் கணக்கில் 0.2 என்று வருவது மி.மீ. கணக்கில் 5.08. அலகு எழுதாவிட்டால் மென்பொருள் 0.2 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு 'நன்றாக ஓடுகிறது' என்று சொல்லிவிடும்.

3. எண் வரும் இடம்: ஒவ்வொரு சென்சாருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பெயர் இருக்கும். அதை 'டேக்' என்பார்கள். நூறு டேக் பெயரையும் டைப் செய்யத் தேவையில்லை. பிஐ சிஸ்டத்தில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே எலிமென்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால், அந்த இடத்தில் ஒவ்வொரு இயந்திரத்தின் பெயரும் தானாக வந்து உட்காரும். மெயில் மெர்ஜ் செய்யும்போது பெயர் வந்து விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயர்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 'பி101' என்றும் மற்றோர் இடத்தில் நடுவில் கோடு போட்டு 'பி-101' என்றும் எழுதினால், கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

4. எல்லைகள்: எச்சரிக்கை எல்லை ஒன்று, அதற்கும் மேலே அபாய எல்லை ஒன்று.

5. காத்திருக்கும் நேரம்: மோட்டாரை ஆன் செய்த சில நொடிகளில் அதிர்வு ஏறி இறங்கலாம். அதற்கெல்லாம் அலாரம் அடிக்கக் கூடாது. எல்லையைத் தாண்டி இத்தனை விநாடி நீடித்தால்தான் அலாரம் என்று எழுதி வைக்க வேண்டும்.

இயந்திரத்தின் சீரியல் எண், வாங்கிய தேதி, நிற்கும் இடம் ஆகியவை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். டெம்ப்ளேட்டில் அவற்றுக்குக் காலிக் கட்டம் மட்டும் வைத்தால் போதும். விண்ணப்பப் படிவத்தில் 'பெயர்' என்று அச்சிட்டு எதிரே கோடு விடுவது போல.

எல்லாமே மோட்டார்தானே, ஒரே எல்லை போதாதா?

போதாது. அதிர்வு அளவுக்கென்று ஐஎஸ்ஓ 10816-1 என்ற தரநிலை 1995-ல் வெளியானது. அதில் 15 கிலோவாட் வரையிலான சிறிய மோட்டார்கள் ஒரு வகுப்பு. 15 முதல் 75 கிலோவாட் வரையிலான நடுத்தர மோட்டார்கள் அடுத்த வகுப்பு. பெரிய இயந்திரங்களுக்கு மேலும் இரண்டு வகுப்புகள் உண்டு.

சிறிய மோட்டாரில் அதிர்வு விநாடிக்கு 1.8 மி.மீ.யைத் தாண்டினால் தொடர்ந்து நீண்ட காலம் ஓட்டுவது நல்லதல்ல. 4.5-ஐத் தாண்டினால் இயந்திரம் சேதமாகலாம். நடுத்தர மோட்டாருக்கு இதே எல்லைகள் 2.8, 7.1. இந்தத் தரநிலையின் இடத்துக்கு 2016-ல் ஐஎஸ்ஓ 20816-1 வந்துவிட்டது. உண்மையான இயந்திரத்துக்கு எல்லை வைக்கும்போது நடைமுறையில் உள்ள தரநிலையையும் தயாரிப்பாளர் தரும் அளவையும் பார்க்க வேண்டும். கருத்தைப் புரிந்துகொள்ள பழைய பட்டியல் எளிது.

இரண்டு மோட்டார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 5.5 கிலோவாட், மற்றது 37 கிலோவாட். இரண்டிலும் அதிர்வு 2.3. பெரியதற்கு இது சாதாரணம். சிறியதற்கு இது எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் 2.8 என்று ஒரே எல்லை வைத்தால் சிறிய மோட்டாரின் கோளாறு வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் 1.8 என்று வைத்தால் நன்றாக ஓடும் பெரிய மோட்டாருக்கு நாள் முழுவதும் அலாரம் அடிக்கும்.

இதற்கு வழி என்ன? 'மோட்டார்' என்று ஒரு தாய் டெம்ப்ளேட் எழுதுங்கள். பொதுவான விவரங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். அதிலிருந்து 'சிறிய மோட்டார்', 'நடுத்தர மோட்டார்' என்று இரண்டு கிளை டெம்ப்ளேட்களை உருவாக்கி, எல்லைகளை மட்டும் அவற்றில் மாற்றுங்கள்.

தேவையில்லாத அலாரம் அடித்தால் என்ன கெட்டுவிடும்?

அலாரம் அதிகமாக அடித்தால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்கத் தோன்றும். நடந்த கதை வேறு. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் அருகே உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. 26 பேர் காயமடைந்தனர். மூடியிருந்த ஒரு வால்வைக் கம்ப்யூட்டர் 'திறந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேர் முன்னால் வந்த அலாரங்கள் 275. இரண்டரை விநாடிக்கு ஒன்று! அதில் எது முக்கியம் என்று யாரால் பிரித்துப் பார்க்க முடியும்? பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 1997-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது.

அந்த விபத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. அலாரத்தைக் கேட்பவர் மனிதர். பத்து முறை பொய்யாக அடித்தால் பதினோராவது முறை அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நீங்கள் டெம்ப்ளேட்டில் ஓர் எண்ணைப் போடும்போது நூறு அலாரங்களை ஒரே நேரத்தில் பொருத்துகிறீர்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

எக்ஸெல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் மென்பொருளில் செய்யலாம். கட்டங்களின் பெயர்கள் சற்று மாறும். ஏ, பி, சி என்று இங்கே தமிழில் தந்திருப்பவற்றை ஆங்கில எழுத்தாகவே டைப் செய்யுங்கள்.

1. முதல் ஷீட்டுக்கு 'வகை' என்று பெயரிடுங்கள். ஏ1, பி1, சி1 செல்களில் வகை, எச்சரிக்கை, அபாயம் என்று தலைப்பிடுங்கள். இரண்டாம் வரிசையில் சிறிய மோட்டார், 1.8, 4.5. மூன்றாம் வரிசையில் நடுத்தர மோட்டார், 2.8, 7.1. இதுதான் உங்கள் டெம்ப்ளேட்.

2. இரண்டாவது ஷீட்டுக்கு 'இயந்திரம்' என்று பெயரிடுங்கள். ஏ முதல் ஜி வரை தலைப்புகள்: பெயர், வகை, பொது எல்லை, தனி எல்லை, இறுதி எல்லை, இன்றைய அளவு, நிலை.

3. ஏ2 முதல் ஏ5 வரை பம்பு 1, பம்பு 2, பம்பு 3, பம்பு 4 என்று எழுதுங்கள். பி நெடுவரிசையில் முதல் இரண்டுக்கும் சிறிய மோட்டார், அடுத்த இரண்டுக்கும் நடுத்தர மோட்டார். எஃப் நெடுவரிசையில் இன்றைய அளவாக 1.2, 2.3, 2.3, 3.1. டி நெடுவரிசையைக் காலியாக விடுங்கள்.

4. சி2 செல்லில் நின்று ஃபார்முலாஸ் டேபில் உள்ள இன்சர்ட் ஃபங்ஷனைக் கிளிக் செய்து விலுக்கப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் கட்டத்தில் பி2. இரண்டாவது கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு, 'வகை' ஷீட்டுக்குப் போய் ஏ, பி, சி தலைப்பெழுத்துகளின் மேல் மவுஸை இழுங்கள். மூன்றாவதில் 2. நான்காவதில் 0. ஓகே கொடுங்கள். 1.8 வரும். எண்ணுக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால், இரண்டு ஷீட்டிலும் வகையின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இ2 செல்லில் இஃப் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். முதல் கட்டத்தில் டி2="" என்று தாருங்கள். இரண்டாவதில் சி2. மூன்றாவதில் டி2. தனி எல்லை இல்லை என்றால் பொது எல்லை என்பது இதன் பொருள்.

6. ஜி2 செல்லிலும் இஃப். முதல் கட்டத்தில் எஃப்2>இ2. இரண்டாவதில் "பாருங்கள்". மூன்றாவதில் "சரி". இந்த இரு சொற்களையும் மேற்கோள் குறிகளோடு டைப் செய்யுங்கள்.

7. சி2, இ2, ஜி2 ஆகிய மூன்றையும் தனித்தனியாக ஐந்தாவது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள்.

இப்போது பம்பு 1 சரி, பம்பு 2 பாருங்கள், பம்பு 3 சரி, பம்பு 4 பாருங்கள் என்று வர வேண்டும். பம்பு 2, பம்பு 3 இரண்டிலும் அளவு 2.3-தான். வகை வேறு என்பதால் பதிலும் வேறு.

தனி எல்லையைக் கவனியுங்கள்

பம்பு 4-க்கு டி5 செல்லில் 3.5 என்று எழுதுங்கள். நிலை 'சரி' ஆகிவிடும். அடுத்து 'வகை' ஷீட்டில் நடுத்தர மோட்டாரின் 2.8-ஐ 2.2 ஆக்குங்கள். பம்பு 3 உடனே 'பாருங்கள்' என்கிறது. பம்பு 4 அசையவில்லை. நீங்கள் டெம்ப்ளேட்டைத் திருத்தினாலும் அது பழைய 3.5-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொழிற்சாலையில் இப்படி ஒரு செல் எங்கோ மறைந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் தனி எல்லை வைப்பவர்களிடம் ஏன் வைத்தீர்கள், எந்தத் தேதியில், யார் சொல்லி என்று மூன்று விவரங்களையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். உங்கள் ஷீட்டிலும் ஹெச் நெடுவரிசைக்குக் 'காரணம்' என்று தலைப்பிடுங்கள். காரணம் எழுத முடியாத தனி எல்லையை அழித்துவிடுங்கள். டி5-ஐ அழித்தாலே பம்பு 4 டெம்ப்ளேட்டுக்குத் திரும்பிவிடும். பெரிய மென்பொருள்களில் ரீசெட் பட்டன் செய்வதும் இந்த வேலைதான்.

சோதனை முடிந்ததும் 2.2-ஐ மறுபடி 2.8 ஆக்க மறக்காதீர்கள். சி நெடுவரிசையில் இருக்கும் அபாய எல்லையை நாம் இன்னும் பயன்படுத்தவில்லை. விலுக்கப்பில் 2-க்குப் பதில் 3 கொடுத்தால் அது கிடைக்கும். அதை வைத்து 'சரி', 'பாருங்கள்', 'நிறுத்துங்கள்' என்று மூன்று நிலைகள் வருமாறு செய்ய முடிகிறதா என்று முயன்று பாருங்கள்.