ஏற்காட்டு மலைவழியும் மிதிவண்டியும்

ஆட்டையாம்பட்டி முதலிய சமவெளி ஊர்களில் மிதிவண்டி பயின்ற நமக்கு, சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டிற்குச் செல்லும் விருப்பம் எழுதல் இயல்பே. ஆயின் சமவெளிப் பழக்கம் மட்டும் மலைவழிக்குப் போதாது என்பதை முன்னரே உணர்தல் வேண்டும்.

ஏற்காடு கடல்மட்டத்திற்குமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உளது; சேலம் நகரமோ 300 மீட்டரினும் தாழ்ந்தது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அத்தோட்டங்களின் நிழல் இன்றும் நம் களைப்பைத் தீர்க்கின்றது.

மலையேறச் சாலைகள் இரண்டு உள. அடிவாரத்தினின்று செல்வது 20 கொண்டையூசி வளைவுகளை உடையது. பேருந்தும் காரும் மிகுந்தது. குப்பனூர் வழியோ போக்குவரத்துக் குறைந்தது. ஆதலின் மிதிவண்டிக்கு அதுவே ஏற்றது. மேலே சென்றபின், நாகலூர் முதலிய சிற்றூர்களைச் சுற்றிவரும் சுமார் 32 கிலோமீட்டர் வட்டச்சாலை உண்டு. விடுமுறையல்லாத நாளின் காலைப்பொழுது அதற்குத் தக்கது.

ஏறுங்கால் உடல் களைப்புறும். களைப்புற்றோர் இறங்கி நடக்கலாம். இறங்குங்காலோ உயிருக்கே இடர் நேரக்கூடும். பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடித்தலும் கூடும். ஆகவே வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணித்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்தல் வேண்டும். மேலேறி வரும் வண்டிக்கு முதலில் வழிவிடுதல் மலைச்சாலை நெறி.

ஏறும் வலிமையினும் இறங்கும் அடக்கமே சிறந்ததென அறிந்து, பிரேக்கைச் சோதித்தபின் புறப்படுவோமாக.