கேட்டதையெல்லாம் கொடுக்காதீர்கள்: இணையத்தில் பதிவு செய்வோருக்கு 10 குறிப்புகள்

புடவை வாங்க, வரன் தேட, டாக்டரிடம் நேரம் வாங்க, வேலைக்கு விண்ணப்பிக்க என்று எதற்குப் போனாலும் முதலில் ஒரு படிவம் வந்து நிற்கிறது. கட்டம் காலியாக இருந்தால் நிரப்பிவிடத்தான் கை பரபரக்கும். ‘இந்த வேலைக்கு இந்த விவரம் எதற்கு?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

1. கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களின் அருகே பெரும்பாலும் சிறிய சிவப்பு நட்சத்திரக் குறி இருக்கும். மற்றவற்றைக் காலியாகவே விடுங்கள். புடவையை அனுப்ப முகவரி வேண்டும். உங்கள் கல்யாண நாளும் கணவரின் சம்பளமும் கடைக்காரருக்கு எதற்கு?

2. விவரம் கொடுக்கும் முன் தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் நாட்டு அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ‘பேங்க்.இன்’ என்ற முடிவை ஒதுக்கியிருக்கிறது. பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். நீங்கள் அனுப்பும் விவரத்தை வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்குப் பொருள். தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதை அது சொல்லாது.

3. வங்கிக்கும் அரசு வேலைகளுக்கும் ஒரு மின்னஞ்சல், கடைகளுக்கும் சலுகைகளுக்கும் வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் இன்னொரு வசதி உண்டு. உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு, ‘புடவை’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வேறு யாரோ விளம்பரம் அனுப்பினால், விவரம் எந்தக் கடையிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். சில தளங்கள் மட்டும் கூட்டல் குறியை ஏற்பதில்லை.

4. எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். ஒரு கடையிலிருந்து அது வெளியே கசிந்தால், அதையே உங்கள் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பார்கள். அம்மிக்கல், ரயில், முருங்கை, நாவல் என்பது போலச் சம்பந்தமில்லாத நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பையும் போட்டு வையுங்கள்.

5. ‘அப்பா பெயர் என்ன, படித்த பள்ளி எது?’ என்று பாதுகாப்புக் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லாதீர்கள். நமக்கெல்லாம் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அதில் ரகசியம் ஏது? சம்பந்தமே இல்லாத ஒரு பதிலைக் கொடுத்து, டைரியில் குறித்து வையுங்கள்.

6. வரன் தேடும் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஜாதகத்தை ஏற்றாதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர், பெற்றோர் பெயர் அத்தனையும் அதில் இருக்கிறது. இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டே பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். பல வங்கிகள் அனுப்பும் கணக்கு அறிக்கையின் பாஸ்வேர்டிலும் பிறந்த தேதி இருக்கும். முதலில் வயது, ராசி, நட்சத்திரம் போதும். பேசித் தெரிந்துகொண்ட குடும்பத்துக்கு மட்டும் ஜாதகத்தை அனுப்புங்கள். வாசலில் வண்டியோடு நிற்கும் போட்டோவும் வேண்டாம். கதவு எண்ணும் வண்டி எண்ணும் அதில் தெளிவாகத் தெரியும்.

7. அடையாளச் சான்று கேட்டால் ஆதார்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆதார் ஆணையத்தின் தளத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ இறக்கிக்கொள்ளலாம். அதில் முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். கைரேகைப் பதிவை லாக் செய்யும் வசதியும் அங்கேயே உண்டு. ஜெராக்ஸ் கொடுத்தால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.

8. படிவத்தின் அடியில் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் ‘டிக்’ ஏற்கெனவே போட்டிருக்கும். ‘எங்கள் கூட்டாளி நிறுவனங்களும் உங்களைத் தொடர்புகொள்ளலாம்’ என்பது மாதிரி இருந்தால் எடுத்துவிடுங்கள். செயலி உங்கள் போன் தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதில் இருப்பவை சொந்தக்காரர்களின் எண்கள். அவற்றைக் கொடுக்க அவர்கள் உங்களிடம் சொல்லவில்லையே!

9. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் உங்கள் மின்னஞ்சலையும் உங்கள் போன் எண்ணையும் மட்டுமே கொடுங்கள். அவசரத்துக்குக் கடைக்காரரின் எண்ணைப் போட்டால், பிறகு ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கிளம்பும் முன் லாக் அவுட் செய்து, இறக்கிய கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

10. பழைய சிம்மை விடும் முன், அந்த எண்ணைக் கொடுத்த இடங்களில் எல்லாம் மாற்றிவிடுங்கள். துண்டித்து 90 நாள் கழிந்தபின் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். பயன்படுத்தாத தளங்களில் உங்கள் கணக்கையே நீக்கிவிடுங்கள். செயலியை மட்டும் போனிலிருந்து அழித்தால் கணக்கு அப்படியே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. இந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.