கொலோனில் நான்கு மணி நேரம்

தில்லியில் வாழும் குடும்பம் ஒன்று, பிராங்பர்ட்டிலிருந்து பிரசெல்சு செல்லத் திட்டமிட்டது. வழியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடர்வண்டி மாற வேண்டும். இடையில் நான்கு மணி நேரம் இருந்தது.

நிலையத்தின் அருகிலேயே 157 மீட்டர் உயரமுள்ள பேராலயம் நிற்கிறது. 1248இல் தொடங்கிய அதன் கட்டுமானப் பணி, இடையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தடைப்பட்டு, 1880இல் நிறைவுற்றது.

தென்கோபுரத்தின் 533 படிகளையும் ஏற வேண்டும் என்றாள் மகள். முழங்கால் வலியுள்ள பாட்டியோ, "நான் நிலையத்திலேயே இருக்கிறேன், நீங்கள் சென்று வாருங்கள்" என்றார். மகளின் முகம் வாடியது.

அன்றிரவு அவள் திட்டத்தைத் திருத்தி எழுதினாள். முதலில் அனைவரும் பேராலயத்தினுள் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் காண்பது. தந்தையும் மகளும் கோபுரம் ஏறும்பொழுது, பாட்டியும் தாயும் உள்ளேயே அமர்ந்திருப்பது. பின்னர் நால்வரும் ரைன் ஆற்றங்கரைக்கு மெல்ல நடப்பது. அரைமணி முன்னதாக நிலையம் திரும்புவது.

பாட்டி அதை இருமுறை படித்தார். பின்னர்த் தம் கைத்தடியை எடுத்துப் பயணப் பெட்டியருகே வைத்தார்.

சொற்பொருள்: சாளரம் – சன்னல்

பயிற்சி
1. பேராலயம் நிறைவுற எத்தனை ஆண்டுகள் ஆயின?
2. மகள் திட்டத்தைத் திருத்தியது ஏன்?
3. பிரித்து எழுதுக: அன்றிரவு
4. நும் குடும்பத்திற்கான ஒருநாள் பயணத் திட்டத்தை ஐந்து வரிகளில் எழுதுக.