வறண்ட காற்று மருந்தாகுமா?
அரிசோனாவில் குடியேற அமைதியான ஊர் தேடும் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்

நம் நுரையீரல் நோய்ப் பிரிவுக்குத் தொடர்ந்து வரும் முதியோருள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிள்ளைகளுடன் சென்று வாழ ஆயத்தமாகிறவர்கள் எப்போதும் சிலர் இருக்கின்றனர். பீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் இன்டெல் நிறுவனத்தின் சில்லு ஆலைகள் உள்ளன. அவற்றில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன. பெற்றோருக்காக அருகிலோ சற்றுத் தொலைவிலோ ஓர் அமைதியான சிற்றூரில் வீடு பார்க்கப் பிள்ளைகள் விரும்புகின்றனர். அப்போது எம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: "அங்கே காற்று வறண்டதாமே டாக்டர், என் மூச்சிரைப்புக்கு நல்லதுதானே?"

இக்கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் அடங்கியுள்ளன. வறண்ட காற்று நுரையீரலைக் குணப்படுத்தும் என்பது ஒன்று. சந்தடியற்ற ஊர் முதுமைக்கு ஏற்றது என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது, உங்கள் நோய் எது, உங்களால் கார் ஓட்ட முடியுமா என்பவற்றைப் பொறுத்தது.

பழைய புகழ் எங்கிருந்து வந்தது

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், வெயிலும் வறட்சியும் நோயைத் தணிக்கும் என்று நம்பி அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அரிசோனாவுக்கு வந்தனர். பணம் படைத்தோர் சானடோரியங்களில் தங்கினர். ஏனையோர் டூசான், பீனிக்ஸ் நகரங்களின் ஓரங்களில் கூடாரம் அடித்து வாழ்ந்தனர். அரிசோனாவின் மருத்துவமனைகள் சிலவற்றின் தோற்றமே இதில்தான் உள்ளது. டூசானில் 1920-களில் எழுந்த பாலைவன சானடோரியமே 1944-இல் பொது மருத்துவமனையாக மாறியது.

இந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது என்பதை நோயாளிகளிடம் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம். 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல உணவு, காற்றோட்டம் ஆகியவற்றுடன் மருந்து அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே, எளிய உணவை உண்டுகொண்டு, அதே மருந்தை உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். நோயைப் போக்கியது மருந்து, இடமன்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இவ்வாய்வு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களும் ஒரு காலத்தில் மகரந்தத்திற்கு அஞ்சி டூசானுக்குக் குடிபெயர்ந்தனர். வந்து குடியேறியோர் நிழலுக்காக மல்பெரி, ஆலிவ் மரங்களையும் முற்றத்திற்காகப் பெர்முடா புல்லையும் வளர்த்தனர். பெர்முடா புல் வேறொன்றுமன்று, நம் அருகம்புல்தான். சில பத்தாண்டுகளில் ஊரின் காற்றில் மகரந்தம் பெருகிற்று. 1980-களில் மல்பெரி, ஆலிவ் மர விற்பனைக்கு டூசான் அடங்கிய பிமா மாவட்டம் தடை விதிக்கும் நிலை ஏற்பட்டது. எதைவிட்டு ஓடினார்களோ அதையே நட்டு வளர்த்தார்கள்.

மண்ணில் உள்ள பூஞ்சை

வறண்ட காற்று மருந்தன்று என்பதுடன் செய்தி முடிவதில்லை. அரிசோனாவின் தாழ்நிலப் பாலை மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. மண் கிளறப்படும்போதும் புழுதிக் காற்று வீசும்போதும் அதன் நுண்விதைகள் காற்றில் ஏறுகின்றன; அவற்றைச் சுவாசிப்பதால் வரும் நோயை அங்குள்ளோர் 'வேலி ஃபீவர்', அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்பர். அமெரிக்காவில் பதிவாகும் இந்நோயாளிகளுள் பெரும் பகுதியினர் அரிசோனாவில் உள்ளனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் பீனிக்ஸ், டூசான் நகரங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியையும் சேர்ந்தவர்கள். ஆகவே, இவ்விரு நகரங்களின் ஓரத்தில் புதிதாக வீடுகள் கட்டப்படும், எந்நேரமும் மண் தோண்டப்படும் பகுதியை நுரையீரல் நோயாளிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கட்டி முடிந்து, சாலை போட்டு, மரம் வளர்ந்த பழைய பகுதியே மேல்.

அச்சப்படத் தேவையில்லை, தொற்றுக்கு ஆளாவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. ஏனையோருக்கு, நுண்விதையைச் சுவாசித்த 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சல், இருமல், மூட்டுவலி, வாரக்கணக்கில் நீடிக்கும் பெருஞ்சோர்வு ஆகியவை வரலாம். எவருக்குக் கடுமையாகலாம் என்பதே குடும்பத்தார் அறிய வேண்டியது. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர், முடக்குவாதத்திற்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வோர், கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோர் ஆகியோரிடம் இது நுரையீரலைக் கடந்து எலும்புக்கும் மூளை உறைக்கும் பரவக்கூடும். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்டவர் இப்பகுதியில் குடியேறத்தான் வேண்டும் எனில், புறப்படுமுன் தம் மாற்று சிகிச்சைக் குழுவிடம் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டும். இந்நோய்க்கு வழங்கப்படும் ஃப்ளுகோனசோல், டாக்ரோலிமஸ், வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்திலும் விளைவிலும் கூட்டும் என்பதால் இதனைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மற்றொன்றும் உண்டு. அரிசோனாவில் சில மாதங்கள் தங்கித் திரும்பியவர் இருமலுடன் இங்குள்ள ஒரு மருத்துவரிடம் சென்றால், எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் கண்டு அவர் முதலில் நினைப்பது காசநோயையே, அடுத்துப் புற்றுநோயை. நம் நாட்டில் அது இயல்பான எண்ணம். "நான் அரிசோனாவில் இருந்து வந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தை நீங்கள் சொன்னால்தான் உரிய இரத்தப் பரிசோதனையை அவர் நினைப்பார். சளியோ திசுவோ வளர்ப்புச் சோதனைக்குச் சென்றால் ஆய்வகத்தாருக்கும் இதனைத் தெரிவிக்க வேண்டும். ஆய்வகத் தட்டில் வளரும் இப்பூஞ்சை அங்குப் பணிபுரிவோருக்கே ஆபத்தானது.

மேலே ஏறினால்

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளை எண்ண வேண்டாம். அரிசோனாவின் தென்பாதியில் பாறைக் குன்றுகளும் பெருங்கள்ளிகளும். வடக்கே ஏறினால் பைன் காடுகள். வெப்பத்திற்கும் புழுதிக்கும் அஞ்சுவோர் மேட்டு ஊர்களை நாடுவது இயல்பு. அவ்வூர்களில் பூஞ்சைக் காய்ச்சல் குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் நீங்கள் கேட்டறிய வேண்டும். பீனிக்ஸ் ஏறத்தாழ 330 மீட்டர், டூசான் 730. சியரா விஸ்டா 1,400 மீட்டர். ஓய்வுபெற்றோர் பலர் விரும்பும் பிரெஸ்காட் 1,640, அதாவது நம் ஏற்காட்டைவிடச் சற்று மேலே. ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர், கொடைக்கானலுக்கு நிகர்.

2,100 மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக ஆக்சிஜன் குறைகிறது. நலமுள்ளவர் சில நாட்களில் பழகிக்கொள்வார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் நார்த்திசு நோய், நுரையீரல் இரத்தக் குழாய் அழுத்தம் உடையோருக்கு அது இரவும் பகலும் சுமக்க வேண்டிய பாரம். சென்னையிலேயே ஓய்வாக அமர்ந்திருக்கையில் விரல் கருவி 92 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ காட்டினால், ஃப்ளாக்ஸ்டாஃபில் வீடு பார்க்காதீர்கள். பிரெஸ்காட்டைப் பற்றியும் எம்மிடம் கலந்து பேசுங்கள். ஃப்ளாக்ஸ்டாஃபின் குளிர்காலம் கடும் பனிப்பொழிவு கொண்டது. குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

வெயில்

தாழ்நிலத்தில் வெயிலின் கடுமை செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. 2023 ஜூலையை ஒட்டித் தொடர்ந்து 31 நாட்கள் பீனிக்ஸில் வெப்பநிலை 43 டிகிரி செல்சியசை எட்டியது. பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645. சென்னை வெயிலில் வளர்ந்த நமக்கு இது என்ன புதிது என்பார்கள். புதிதுதான். சென்னையில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கிறது. அங்கே வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடுவதால் உடல் நீர் இழப்பதே தெரிவதில்லை. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் உட்கொள்வோரின் சிறுநீரகம் இதில் விரைவில் பாதிக்கப்படும். இதயச் செயலிழப்பால் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர், "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற பொது அறிவுரையை அப்படியே பின்பற்றவும் கூடாது. கோடைக்கு உரிய நீர் அளவையும் மாத்திரை அளவையும் தனியே எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

வாசலில் செருப்பை விட்டு வெறுங்காலுடன் முற்றத்தில் நடப்பது நம் வழக்கம். கோடைப் பகலில் அங்குள்ள தார்த் தரை 70 டிகிரி வரை சூடேறும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர் சுடுவதை உணருமுன் பாதம் வெந்துவிடும். இன்ஹேலரையும் இன்சுலினையும் நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள். மருந்தைத் தபாலில் பெறுவோர், வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியில் அது மாலை வரை கிடக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமைதி என்பது தொலைவும்தான்

ஊர் அமைதியாக இருப்பதற்குக் காரணம் அங்கே ஆட்கள் குறைவு. ஆட்கள் குறைந்த இடத்தில் சிறப்பு மருத்துவரும் குறைவு. பிஸ்பி என்னும் பழைய செப்புச் சுரங்க ஊர் மிக அழகியது. ஆனால் வீடுகள் மலைச்சரிவில் படிக்கட்டுகளின் மேல் அமைந்தவை. ஊரின் மருத்துவமனை சிறியது. டூசான் 150 கிலோமீட்டருக்கு அப்பால். மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாயை முதல் இரண்டு மணி நேரத்திற்குள் திறப்பதே எங்கள் இலக்கு. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே வரம்பு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவருக்கு மையம் 20 கிலோமீட்டரில் இருப்பதற்கும் 80 கிலோமீட்டரில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, வாழ்க்கையின் வேறுபாடே. பேருந்து அரிதான அவ்வூர்களில், கார் ஓட்டாத முதியவர் மகன் அலுவலகத்திலிருந்து திரும்பும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மூச்சிரைப்பு உள்ளவரிடம் தனிமை வந்து சேர்ந்தால் நடை குறையும். நடை குறைந்தால் மூச்சிரைப்பு மிகும்.

பீனிக்ஸை அடுத்த சன் சிட்டி 1960-இல் முதியோருக்கென்றே திறக்கப்பட்டது. அதைப் பின்பற்றி எழுந்த குடியிருப்புகள் பல. மருத்துவ வசதி அருகில் இருக்கும். எனினும் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான இக்குடியிருப்புகளில் பேரக்குழந்தைகள் நிரந்தரமாகத் தங்க இயலாது. பேரனை வளர்க்கவே செல்கிற பாட்டி இதனை வீடு வாங்கிய பின் அறியக் கூடாது.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: பயணிகளுக்கான காப்பீடு ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கிரீன் கார்டு பெற்ற, 65 வயது கடந்த பெற்றோர், தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கே வசித்த பின்னரே மெடிகேரில் பணம் கட்டிச் சேர இயலும். அதுவரையிலான ஆண்டுகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் டிசம்பரில் போய்ப் பார்க்கின்றனர்; அப்போது அரிசோனா எவரையும் மயக்கும். இயலுமானால் ஜூலையில் இரண்டு வாரம் வாடகை வீட்டில் தங்கிப் பாருங்கள். புழுதிப் புயல்களும் மழைக்கால இடியும் அப்போதுதான் தெரியும். புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னதாக, எண்ணியுள்ள ஊரின் பெயருடன் எம் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். ஆறு நிமிட நடைச் சோதனையும் தேவையானால் இரவு ஆக்சிஜன் அளவும் எடுத்து, விமானப் பயணத்திற்கும் அவ்வூரின் உயரத்திற்கும் ஆக்சிஜன் வேண்டுமா என்பதை எழுதித் தருகிறோம். மார்பு எக்ஸ்ரே ஒன்றையும் எடுத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள். பின்னாளில் அங்கே புதிதாக ஒரு நிழல் தெரிந்தால், அது முன்பே இருந்ததா இல்லையா என்பதை அங்குள்ள மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.