மாற்றுச்சாவி எங்கே இருக்க வேண்டும்?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் போடிமெட்டு வரும். தமிழ்நாடு அங்கே முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், ஏலத்தோட்டம் ஒன்றைப் பார்த்து வருவதற்காக நாங்கள் நால்வர் அவ்வழியே சென்றோம். தேநீர் அருந்த இறங்கியபோது கார் உரிமையாளரான நண்பர் கதவுகளைப் பூட்டினார். திரும்பி வந்ததும், மூடுபனி விலகி வெயில் தலைகாட்டியதால், கம்பளிச் சட்டையைக் கழற்றினார். ரிமோட்டில் டிக்கிக்குரிய பொத்தானை மட்டும் அழுத்தித் திறந்து, சட்டையை உள்ளே வைத்து மூடினார். ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டதை அவர் உணர்ந்தபோது டிக்கி பூட்டிக்கொண்டுவிட்டது. கதவுகளோ முன்பே பூட்டியிருந்தன.

முதலில் சிரிப்புதான் வந்தது. எங்களுடன் வந்த பெரியவர் எழுபது வயதைக் கடந்தவர், நீரிழிவு நோயாளி. அவருடைய மாத்திரைப் பையும், வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த சிற்றுண்டியும் பின்னிருக்கையில் இருந்தன. கண்ணாடி வழியே அவை நன்றாகத் தெரிந்தன. அதைக் கண்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கே சாவி செய்பவர் எவருமில்லை. மர அளவுகோல் ஒன்றும் கம்பி ஒன்றும் கொண்டு இருவர் முயன்றனர். கதவின் இரப்பர் விளிம்பு கிழிந்ததுதான் மிச்சம். இறுதியில் தேநீர்க் கடைக்காரர்தான் வழி சொன்னார்: "வீட்டுல இன்னொரு சாவி இருக்குல்ல சார்? போடி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து, மூணாறு பஸ்ஸுல குடுத்துவிடச் சொல்லுங்க." மாற்றுச்சாவி தேவாரத்தில், நண்பரின் வீட்டுப் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி, ஊருக்குப் போயிருந்த அவருடைய துணைவியாரிடம் இருந்தது. அந்தச் சிக்கல் தீர்ந்து, பக்கத்து வீட்டு இளைஞர் இருசக்கர வண்டியில் போடிக்குச் சென்று, பேருந்து நடத்துநரிடம் சாவியை ஒப்படைத்து, அது எங்கள் கைக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கடைக்காரர் பெரியவருக்குச் சூடான இட்லி வரவழைத்துக் கொடுத்திருந்தார். அன்று அவருக்கு மயக்கம் எதுவும் வராமல் போனது எங்கள் நற்பேறு.

நண்பரிடம் மாற்றுச்சாவி இல்லாமலில்லை. அது பத்திரமாக இருந்தது. அளவுக்கு மீறிய பத்திரமாக இருந்தது என்பதே குறை. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலருடைய அன்றாடப் பயணம் இத்தகையது. கம்பத்தில் வீடும் வண்டன்மேட்டில் தோட்டமும் உடையவர்கள் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து கோவையில் வணிகம் செய்வோர் உண்டு. முதலமடை மாந்தோப்பிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்து போவோர் உண்டு. இவர்களுக்கெல்லாம் வீட்டுப் பீரோ என்பது ஒரு மலைக்கோ ஒரு மாநில எல்லைக்கோ அப்பால் இருக்கிறது. பரம்பிக்குளத்தை எண்ணிப் பாருங்கள். அது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் பாலக்காட்டிலிருந்து காரில் அங்கே செல்ல வேண்டுமாயின், தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக மீண்டும் கேரளத்துக்குள் புக வேண்டும். அங்கே கார் பூட்டிக்கொண்டால், வீட்டிலுள்ள சாவி இரண்டு எல்லைகளைத் தாண்டி வரவேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் வங்கிகளின் பழக்கம் ஒன்றை நினைவுகூரலாம். கிளைகளின் பணப் பெட்டக அறையை ஒருவர் தனியே திறக்க இயலாது. இரு அலுவலர்களிடம் உள்ள சாவிகள் சேர வேண்டும். அச்சாவிகளின் மாற்றுச்சாவிகள் அதே கட்டடத்தில் வைக்கப்படுவதில்லை. முத்திரையிட்ட உறையில் வேறொரு கிளையின் பொறுப்பில் அவை ஒப்படைக்கப்படும். யாரிடம், என்று கொடுக்கப்பட்டது என்பது பதிவேட்டில் ஏறும். குறித்த கால இடைவெளியில் அவற்றை வரவழைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்து, அதுவரை பயன்பட்டவற்றை மாற்றுச்சாவிகளாக அனுப்புவதும் வழக்கம். மாற்றுச்சாவி வேறோரிடத்தில், வேறொருவர் பொறுப்பில், ஆனால் அழைத்தால் வந்து சேரும் தொலைவில் இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்பதும் அவ்வப்போது தெரிந்திருக்க வேண்டும். காருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அதைச் செயற்படுத்துமுன் நம் சாவி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ள வேண்டும். பழைய கார்களின் சாவி வெறும் உலோகம். பிற்காலத்துக் கார்களின் சாவித் தலைக்குள் சிறியதொரு சிப் இருக்கும். அதன் குறியீட்டை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் இயங்கும். இந்த அமைப்பை இம்மொபிலைசர் என்பர். பொத்தானை அழுத்தி எஞ்சினை இயக்கும் கார்களில் சாவி பையிலேயே இருந்தால் போதும். கதவும் திறக்கும், வண்டியும் கிளம்பும்.

சிப் உள்ள சாவிக்கு முழுமையான நகல் வேண்டுமானால், வண்டி நிறுவனத்தின் சேவை மையத்தையோ, அதற்குரிய கருவி வைத்திருக்கும் சாவிக் கடையையோ நாட வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகக்கூடும். ஆனால் காருக்குள் சாவி சிக்கிக்கொள்ளும் நேரத்தில் நமக்கு வேண்டியது எஞ்சினை இயக்கும் சாவி அன்று, கதவைத் திறக்கும் சாவியே. உண்மையான சாவிதான் உள்ளே இருக்கிறதே! ஆகவே சிப் இல்லாத, பல் மட்டும் வெட்டிய எளிய நகல் ஒன்று போதும். சாதாரணப் பல் அமைப்புடைய சாவியாயின் சிறு நகரங்களின் கடைகளிலேயே குறைந்த செலவில் வெட்டித் தருவார்கள். பக்கவாட்டில் பள்ளம் வெட்டிய சாவிக்கு இயந்திரமுள்ள கடை வேண்டும். இந்த நகலைத் திருடன் எடுத்தாலும் அதைக் கொண்டு சிப் சரிபார்க்கும் வண்டியை ஓட்டிச் செல்ல இயலாது என்பது கூடுதல் நன்மை. சில கார்களில் இவ்வாறு திறக்கும்போது எச்சரிக்கை ஒலி அலறும். உள்ளிருக்கும் சாவியை எடுத்து ரிமோட்டை அழுத்தினால் அடங்கிவிடும். கடையிலிருந்து வாங்கியவுடன், கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அந்நகலால் கதவைப் பூட்டித் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நகல் கையில் இருக்கிறது என்ற நிம்மதியோடு பல மாதங்கள் கழித்து, அது உள்ளே நுழைகிறதே தவிரத் திரும்பவில்லை என்று மழையில் நின்று அறிவது கொடுமை.

பொத்தான் கார் வைத்திருப்போர் பலருக்கு, தங்கள் ரிமோட்டுக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருப்பது தெரிவதில்லை. பக்கத்திலுள்ள சிறு விசையைத் தள்ளினால் அது கழன்று வரும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் சாவித்துளை வெளியே தெரியும். சில கார்களில் மூடிக்குள் மறைந்திருக்கும். மின்கலம் தீர்ந்த நாளில் இதுவே கதவைத் திறக்கும். பிறகு ரிமோட்டை இயக்கு பொத்தானையொட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் கிளம்பிவிடும். பல ரிமோட்டுகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் நாணய மின்கலம். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் அதில் ஒன்றை வாங்கிப் பணப்பையில் போட்டுக்கொள்ள யோசிக்க வேண்டியதில்லை.

இனி, எங்கே வைப்பது? காரின் அடிப்பகுதியில் காந்தப் பெட்டிக்குள் ஒட்டிவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். மலைச்சாலையின் சேறும் மழையும் பெட்டியைத் துருவேற்றும். குண்டும் குழியும் அதைக் கழற்றி எறியும். தேடத் தெரிந்தவனுக்கு அது முதல் இடம். காரின் உள்ளே வைப்பது இன்னும் பிழை. இரண்டாவது ரிமோட் உள்ளே இருந்தால் சில வண்டிகள் பூட்டிக்கொள்ளவே மறுக்கும். கண்ணாடியை உடைத்து நுழைந்தவன் அதைக் கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுவான்.

உடன் பயணம் செய்பவரிடம் கொடுப்பதே சிறந்த வழி. கணவர் ஓட்டினால் மனைவியின் கைப்பையில், அதுவும் காரில் விட்டுச் செல்லாத கைப்பையில், இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் குமுளி வழியே சபரிமலைக்குச் செல்லும் குழுவினர், நீராட இறங்கும்போது கரையில் நிற்பவரிடம் ஒரு சாவியை ஒப்படைக்கலாம். ரிமோட் நனைந்து செயலிழப்பதும் தவிர்க்கப்படும். தனியே செல்பவர், எளிய நகலைப் பணப்பையிலோ இடுப்பு வாரிலோ வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் மலையேறும் தோட்டக்காரராயின், மேலே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைக் கொடுத்து வைப்பது, வங்கி தன் சாவியை வேறு கிளையில் வைப்பதைப் போன்றது.

மலையில் இது பெரும்பாலும் நேர விரயம். பாலக்காட்டு வெயிலில் அவ்வாறன்று. 2024 ஏப்ரல் இறுதியில் அம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது நினைவிருக்கும். 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்வதைக் கண்டது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 30 நிமிடங்களிலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தது குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைக் காட்டிலும் பல மடங்கு விரைவாகச் சூடேறும். குழந்தை அழாதிருக்கச் சாவியை விளையாடக் கொடுத்துவிட்டு, பொருள்களை எடுத்துவைக்க இறங்கிக் கதவைச் சாத்தும் தாய் தந்தையர் எத்தனை பேர்! அந்தச் சிறு விரல் பூட்டும் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும்.

குழந்தையோ முதியவரோ உள்ளே சிக்கிக்கொண்டால் சாவி வரும் வரை காத்திருக்கலாகாது. கையருகே மாற்றுச்சாவி இல்லையெனில், ஒருவர் 112 எண்ணை அழைக்க, மற்றொருவர் கண்ணாடியை உடைக்க வேண்டும். முன்கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். அதன் நடுவே ஒட்டுப்படலம் இருப்பதால் விரிசல் விடுமேயன்றி வழி விடாது. குழந்தையிடமிருந்து மிகத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில், வீல் ஸ்பானர் போன்ற கனமான இரும்பால் ஓங்கி அடித்தால் அது சிறு துண்டுகளாக உதிரும். அடிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைத் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் விலையை அந்நேரத்தில் எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோபப்படாமல் அவர்களை விலக்கிவிட்டு அடியுங்கள்.

பணம் சார்ந்த சில செய்திகளும் உள்ளன. புதுக் கார் வாங்கும்போது பல நிறுவனங்கள் இரண்டு சாவிகளுடன், சாவி எண் பொறித்த சிறு தகடு ஒன்றையும் தருகின்றன. அத்தகட்டைச் சாவியுடன் கோத்துத் தொங்கவிடாமல் வண்டி ஆவணங்களோடு வைக்க வேண்டும். சாவி தொலைந்தால் புதிதாகச் செய்ய அந்த எண் உதவும். பழைய கார் வாங்குவோர் இரண்டாவது சாவியைக் கேட்டுப் பெறுதல் அவசியம். "அது எங்கேயோ போய்விட்டது" என்று விற்பவர் சொன்னால், சேவை மையத்தில் பழைய சாவிப் பதிவுகளை நீக்கிப் புதியதைப் பதிவு செய்யும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று குறைந்தால் கேள்விகள் எழும். சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றது தெரிந்தால் இழப்பீடு குறையவும் கூடும். 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், லாரி ஓட்டுநர் வழி கேட்க இறங்கியபோது சாவி வண்டியிலேயே இருந்தது. லாரி களவு போயிற்று. இழப்பீட்டை நிறுவனம் மறுத்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் உரிமையாளருக்கு 75 விழுக்காடு கிடைத்தது. எஞ்சிய கால் பங்கு கிடைக்கவில்லை.

சாவி தொலைந்தால் ஏற்படும் செலவை ஏற்கும் கூடுதல் காப்பும், சாலையோர உதவித் திட்டமும் சிறு கட்டணத்தில் கிடைக்கின்றன. ஆனால் பூட்டிய காரைத் திறக்கவோ வீட்டுச் சாவியைக் கொண்டுவரவோ சில திட்டங்கள் தூர வரம்பு வைத்துள்ளன. எல்லை தாண்டிச் செல்வோர், அடுத்த மாநிலத்தில் அவ்வுதவி கிடைக்குமா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவி எண்ணைக் காருக்குள் ஒட்டிவைத்தால் மட்டும் போதாது. போடிமெட்டில் அது கண்ணாடிக்கு அப்பால் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது என்பது உண்மையே. நண்பரின் கைப்பேசியோ அந்தச் சட்டைப்பையில் சாவியோடு இருந்தது.

அந்த நண்பர் இப்போது மலையேறும்போது எளிய நகலொன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்கிறார். பீரோவின் சாவி மட்டும் இன்னும் அவருடைய துணைவியாரிடம்தான் இருக்கிறது.